தமிழ் வழக்கில் கழுகு

கழுகு என்பது தமிழில் பிணந்தின்னும் பெரும் பறவைகளையும், உயிருள்ள இரையை வேட்டையாடும் பெரும் பறவைகளையும் ஒருசேரக் குறிக்கும் சொல் ஆகும். உயிரியலாளர் இவ்விரு வகையினரையும் தனித்தனியே பிரித்து வைத்துள்ளனர். ஆயினும் பேச்சு வழக்கிலும் எழுத்து வழக்கிலும் இச்சொல் இரண்டுக்கும் பொதுவாகவே வழங்குகிறது. ஊர்ப்பெயர், ஆட்பெயர், தொன்மம், பழமொழி, வசைமொழி என இச்சொல் பலவாறாகப் பயன்படுகிறது. ஒருபுறம் வணக்கத்துக்குரிய பறவையாகவும் மறுபுறம் இழிவின் உருவமாகவும் ஒரே பறவை ஒரே மொழியில் இடம்பெற்றிருப்பது இச்சொல்லின் சிறப்பியல்பு. வணக்க மரபின் முதன்மையான இடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள திருக்கழுக்குன்றம் ஆகும்.

இக்கட்டுரை கழுகு என்னும் சொல்லையும் அதன் உருவக வழக்குகளையும் பற்றியது. பறவையின் உயிரியல் செய்திகள் தேவையான இடங்களில் மட்டும் தரப்பட்டுள்ளன.

சொல்லும் பொருளும்

பழந்தமிழில் ஊனுண்ணும் பறவைகளுக்குப் பல பெயர்கள் இருந்தன. கழுகு, எருவை, பாறு, பருந்து, வல்லூறு ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் எருவை என்னும் சொல்லுக்குக் கழுகு என்பதோடு செம்பு, குருதி என்னும் பொருள்களும் உண்டு. பாறு என்பது பிற்காலப் பேச்சு வழக்கில் பெரும்பாலும் மறைந்தது. எருவை இலக்கியச் சொல்லாக மட்டும் நின்றது. கழுகு, பருந்து ஆகிய இரண்டுமே மக்கள் வழக்கில் நிலைத்தன.

இதனால் ஒரு பொருள் மயக்கம் ஏற்பட்டது. பிணந்தின்னும் பறவையைத் தனியே குறிப்பிட வேண்டிய போது 'பிணந்தின்னிக் கழுகு' என அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. அடைமொழி இல்லாத கழுகு, வேட்டையாடும் பறவையையே குறிப்பதாக இன்று பலரும் கொள்கின்றனர். பறவை ஆர்வலர்கள் இம்மயக்கத்தைத் தவிர்ப்பதற்காகப் பாறு என்னும் பழைய சொல்லை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்துள்ளனர். தமிழ்நாட்டில் காணப்படும் பிணந்தின்னிப் பறவைகளுள் நான்கு முதன்மையானவை. அவை வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என அழைக்கப்படுகின்றன.

கருடன் என்னும் பெயர் இவற்றினின்று வேறானது. திருமாலின் ஊர்தியாகக் கருதப்படும் இப்பெயர், நடைமுறையில் வெண்ணிறத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்தைக் குறிக்கும். மாமல்லபுரம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் கரையேறும் இடங்களில் இப்பறவையைக் காணலாம். கோயில் குடமுழுக்கின்போது கருடன் வானில் வட்டமிடுவது நற்குறியாகக் கருதப்படுகிறது. கழுகு வட்டமிடுவதோ பெரும்பாலும் தீக்குறியாகவே சொல்லப்படுகிறது.

திருக்கழுக்குன்றம்

திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஆகும். கழுகுகள் வழிபட்ட குன்றம் என்பதால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். பட்சி தீர்த்தம் என்னும் பெயரும் இதற்கு உண்டு. குன்றின் மேல் வேதகிரீசுவரர் கோயிலும் அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலும் அமைந்துள்ளன. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். மாணிக்கவாசகரின் திருவாசகத்திலும் திருக்கழுக்குன்றப் பதிகம் என ஒரு பகுதி உள்ளது.

ஊரின் பழமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் ஆதித்த சோழனின் கல்வெட்டு ஒன்று, இக்கோயிலுக்குக் கந்தசிட்டன் அளித்த கொடையையும், வாதாபி கொண்ட நரசிம்மவர்மப் பல்லவன் அதனைத் தொடர்ந்ததையும் குறிப்பிட்டு, அக்கொடையைப் புதுப்பிக்கிறது. மலையில் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை ஆகும். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் நடத்திய டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து, அம்மண்டபத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர்.

தலபுராணக் கதையின்படி, சிவபெருமானின் சினத்துக்கு ஆளான முனிவர் எண்மர் கழுகுகளாகப் பிறந்தனர். ஒவ்வொரு யுகத்திலும் இருவராக அவர்கள் இக்குன்றில் வழிபட்டு விடுதலை பெறுவர். முதல் யுகத்தில் சண்டன், பிரசண்டன் என்போரும், இரண்டாம் யுகத்தில் சம்பாதி, சடாயு என்போரும், மூன்றாம் யுகத்தில் சம்புகுத்தன், மாகுத்தன் என்போரும் வழிபட்டனர் என்றும், கலியுகத்திற்கு உரியவர்கள் சம்பு, ஆதி என்போர் என்றும் கூறப்படுகிறது. இவ்விரு கழுகுகளும் காலையில் ஒரு தலத்தில் நீராடி, நண்பகலில் கழுக்குன்றத்தில் உணவு உண்டு, இரவில் வேறொரு தலத்தில் தங்கும் என்பது நம்பிக்கை. காசி, இராமேசுவரம், சிதம்பரம் ஆகிய பெயர்கள் இக்கதையின் வெவ்வேறு வடிவங்களில் இடம் மாறி வருகின்றன.

இக்கதைக்கு இணையாகக் கண்ணால் காணத்தக்க ஒரு நிகழ்வும் இங்கு நடைபெற்று வந்தது. நாள்தோறும் நண்பகலுக்குச் சற்று முன்னர், மலையில் உள்ள பாறையொன்றில் சர்க்கரைப் பொங்கல் வைக்கப்படும். வெண்ணிறப் பறவைகள் இரண்டு வந்து அதனை உண்டு செல்லும். மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகள் பலர் இதனைக் காண்பதற்காகவே திருக்கழுக்குன்றத்துக்கும் செல்வது வழக்கமாக இருந்தது. பறவைகள் வராத நாளில், கூடியிருப்போருள் பாவம் செய்தவர் இருப்பதே காரணம் என்று கூறுவர்.

பறவையின் அடையாளம்

திருக்கழுக்குன்றத்துக்கு வந்த பறவை மஞ்சள்முகப் பாறு ஆகும். பாப்பாத்திக் கழுகு, திருக்கழுக்குன்றக் கழுகு என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. இதன் அறிவியற் பெயர் நியோஃப்ரான் பெர்க்னாப்டெரசு. வெண்ணிற உடலும், கருநிறச் சிறகு விளிம்பும், இறகற்ற மஞ்சள் முகமும் கொண்ட இப்பறவை, பிற பாறுகளை விடச் சிறியது. பிணம் மட்டுமன்றி முட்டை, பூச்சி, சாணம், அழுகிய பழம் முதலியவற்றையும் உண்ணும். இத்தகைய பலவகை உணவுப் பழக்கமே பொங்கல் உண்ணும் வழக்கத்தையும் விளக்குகிறது. ஏனைய பாறுகள் ஊனையே பெரிதும் நம்பி வாழ்பவை.

இணை பிரியாத இரு பறவைகள் என்னும் கதைக்கூறும் பறவையின் இயல்போடு ஒத்துச் செல்கிறது. இவை பெரும்பாலும் இணையாக வாழ்ந்து, பாறை இடுக்குகளில் கூடு கட்டி, அதே கூட்டினைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துபவை.

இப்பறவையின் தென்னிந்தியத் துணையினத்தின் பெயரிலும் தமிழ்நாட்டு ஊர் ஒன்று உள்ளது. பிரெஞ்சு இயற்கையியலாளரான பியேர் சொன்னெரா, 1782இல் வெளிவந்த தமது பயண நூலில் இதனைச் 'செஞ்சிக் கழுகு' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் விவரித்தார். அதனைப் பின்பற்றி ஆங்கிலேயரான ஜான் லேத்தம் 1790இல் இலத்தீனில் ஜிஞ்சினியானசு எனப் பெயரிட்டார். இவ்வாறு செஞ்சி என்னும் ஊர்ப்பெயர் இப்பறவையின் அறிவியற் பெயரில் நிலைத்துவிட்டது.

கழுகின் பெயரால் அமைந்த பிற இடங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கழுகுமலை, சடாயுவின் அண்ணனாகிய சம்பாதி முருகனை வழிபட்ட இடமாகக் கருதப்படுகிறது. கழுகாசலம் என்பது அதன் வடமொழி கலந்த பெயர். இப்பெயரிலிருந்தே கழுகாசலமூர்த்தி என்னும் ஆட்பெயர் தோன்றியது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இத்தலத்து முருகனைப் பாடுவது ஆகும்.

காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள திருப்புட்குழி, இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடமாகச் சொல்லப்படும் வைணவத் தலம். புள் என்பது பறவை. வைத்தீசுவரன் கோயிலின் பழைய பெயராகிய புள்ளிருக்குவேளூர் என்பதிலும் புள் என்பது சடாயுவையே குறிக்கும் என்பர்.

பிணந்தின்னும் பறவைக்கு மனிதன் ஈமக்கடன் செய்ததாகக் கூறும் கதை சிந்திக்கத்தக்கது. இயற்கையில் பிறருடைய உடலை அகற்றும் பறவையின் உடலுக்கு இங்கு முறைப்படி எரியூட்டப்படுகிறது.

இலக்கியத்தில்

சங்க இலக்கியத்தில் கழுகும் பருந்தும் எருவையும் பாலை நிலத்துக்கு உரிய பறவைகள். வழிப்போக்கர் உயிரிழக்கும் கொடிய வழியின் அச்சத்தைக் காட்ட இவை பயன்படுகின்றன. புறப்பொருள் பாடல்களிலும் பரணி நூல்களிலும் போர்க்களத்தின் மேல் இவை வட்டமிடுவது பகைவர் அழிவின் அடையாளமாகவும், வென்றவன் பெருமையாகவும் கூறப்படும்.

கம்பராமாயணத்தில் சடாயுவும் சம்பாதியும் பெருமை வாய்ந்த பாத்திரங்கள். ஆரணிய காண்டத்தில் சடாயு உயிர் நீத்த படலமும், கிட்கிந்தா காண்டத்தில் சம்பாதிப் படலமும் உள்ளன. பிறன் மனைவியைக் கவர்ந்து செல்பவனைத் தடுத்து உயிர் துறந்தவன் என்பதால், முதுமையிலும் அறத்துக்காகப் போரிடுபவருக்குச் சடாயு உவமையாகிறான்.

பருந்து, இலக்கண நூலிலும் இசை பற்றிய குறிப்பிலும் இடம்பெறுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் முறைகள் நான்கனுள் ஒன்றைப் பருந்தின் வீழ்வு என்கிறது. உயரத்திலிருந்து பருந்து சட்டென இறங்கித் தனக்கு வேண்டியதை எடுத்துச் செல்வது போல, இடையே வந்து கருதிய பொருளை மட்டும் கூறிச் செல்லும் சூத்திர நிலை இது. சீவக சிந்தாமணியில், பாட்டும் யாழிசையும் பிரியாமல் இணைந்து செல்வதற்குப் பருந்தும் அதன் நிழலும் உவமையாகின்றன.

உருவக வழக்குகள்

இக்கால வழக்கில் பின்வரும் தொடர்கள் குறிப்பிடத்தக்கவை.

பிணந்தின்னிக் கழுகு: பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுபவர். மேடைப் பேச்சிலும் இதழ்களிலும் மிகுதியாக வழங்கும் வசை. பேரிடர்க் காலத்தில் விலையை உயர்த்துபவர், கடன்பட்டோரின் சொத்தை அடிவிலைக்கு வாங்குபவர் முதலியோரை இவ்வாறு கூறுவர்.

கழுகு போல் வட்டமிடுதல்: ஒருவரின் வீழ்ச்சிக்காகக் காத்திருத்தல்.

கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல்: ஆதாயம் உள்ள இடத்தை எவரும் சொல்லாமலே அறிந்து வந்து சேர்தல். விருந்து நடக்கும் நேரத்தில் அழையாமல் வருபவரை வேடிக்கையாகவும் இவ்வாறு கூறுவது உண்டு.

கழுகுக் கண்: சிறு பிழையையும் தப்பவிடாத கூரிய பார்வை. கழுகுப் பார்வை என்பது உன்னிப்பான கண்காணிப்பைக் குறிக்கும். உயரத்திலிருந்து காணும் முழுத் தோற்றத்தைப் பருந்துப் பார்வை என்பர்.

கழுகு மூக்கு: நுனி வளைந்த மூக்கு.

வல்லூறு: எளியோரை வருத்தும் ஆதிக்கச் சக்தி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரசியல் எழுத்தில் இவ்வழக்கு உண்டு.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது: முயற்சியால் மட்டும் பிறவித் தகுதி மாறாது எனக் கூறும் பழமொழி. இதன் கருத்தை இக்காலத்தார் பலர் மறுப்பர்.

மூக்கில் வேர்த்தல் பற்றிய தொடர், உயிரியல் நோக்கில் பாதி உண்மையாகும். தென் அமெரிக்கா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழும் பிணந்தின்னிகளுள் சில மோப்பத்தால் இரையை அறிகின்றன. ஆனால் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய கண்டங்களின் பாறுகள் கண் பார்வையையே நம்புகின்றன. ஒரு பாறு இறங்கியதும் தொலைவில் பறக்கும் மற்றொன்று அதனைக் கண்டு வரும். அதனைக் கண்டு வேறொன்று வரும். இவ்வாறு சிறிது நேரத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிடும். தொடரை உருவாக்கியோர் பறவைகள் வந்து சேரும் விரைவைச் சரியாகவே கவனித்துள்ளனர். காரணத்தை மட்டும் மூக்கில் ஏற்றிவிட்டனர்.

விவிலியத் தமிழும் ஆங்கிலத் தாக்கமும்

கழுகு என்னும் சொல் உயர்வுப் பொருள் பெற்றதில் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரத்தில், இறைவனை நம்புவோர் புது வலிமை பெற்றுக் கழுகைப் போல் மேலெழுவர் என்று கூறப்படுகிறது. மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், பிணம் கிடக்கும் இடத்தில் கூடும் பறவைக்கும் கழுகு என்ற சொல்லே பயன்பட்டுள்ளது. எபிரேய மூலத்தில் உள்ள நெசெர் என்னும் சொல்லும் பெரும்பாறு ஒன்றையே குறிப்பது என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே தமிழ்ச் சொல்லில் உள்ள இருபொருள் தன்மை மூலத்துக்குப் பொருந்தியே வருகிறது.

ஆங்கிலக் கல்வி பரவிய பின், மேலைநாட்டு மரபில் வீரத்தின் சின்னமாக விளங்கும் வேட்டைப் பறவையும் தமிழில் கழுகு எனவே பெயர்க்கப்பட்டது. 1782 முதல் ஐக்கிய அமெரிக்காவின் முத்திரையில் இடம்பெறும் வெண்தலைக் கழுகு இதற்கு எடுத்துக்காட்டு. தன்னம்பிக்கை நூல்களில் கழுகு தலைமைப் பண்பின் உருவமாகக் காட்டப்படுவது இதன் தொடர்ச்சியே.

இவ்வகையில் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குச் சென்று, தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்து, அவை மீண்டும் வளர்ந்த பின் மேலும் முப்பது ஆண்டுகள் வாழும் என்பது அக்கதை. இது உண்மையன்று. அலகை இழந்த பறவை உண்ண இயலாமல் சில நாள்களிலேயே இறந்துவிடும். அலகும் நகமும் வாழ்நாள் முழுவதும் தேய்ந்து வளர்ந்துகொண்டே இருப்பவை. இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து புதிதாக முளைப்பவை.

பிற மொழிகளில்

பறவைப் பெயர்கள் மனித இயல்பைக் குறிப்பது உலக மொழிகள் பலவற்றிலும் உள்ள வழக்கமாகும். பிரெஞ்சு மொழியில் பிணந்தின்னிக் கழுகின் பெயராகிய வொத்தூர், பேராசை கொண்டவரையும் குறிக்கும். அம்மொழியில் பீ எனப்படும் கருப்பு வெள்ளைப் பறவை, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெயர் வாயாடிக்கும், கருப்பு வெள்ளைத் திட்டுகள் கொண்ட குதிரைக்கும் ஆகி வரும்.

எல்லா மரபுகளிலும் பாறு இழிவானது அன்று. பண்டைய எகிப்தியப் பட எழுத்தில் மஞ்சள்முகப் பாறின் உருவம் ஓர் எழுத்தாகவே பயன்பட்டது. பார்சி மக்கள் இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு அளிப்பதைத் தூய முறையாகக் கருதினர். திபெத்திலும் இத்தகைய மரபு உண்டு.

பறவையின் மறைவு

திருக்கழுக்குன்றத்துக்குப் பறவைகள் வருவது 1990களின் இறுதியில் நின்றுவிட்டது. அதே காலத்தில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பாறுகள் பெருமளவில் அழிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மஞ்சள்முகப் பாறும் வெகுவாகக் குறைந்தது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

இவ்வழிவின் முதன்மைக் காரணம் 2004இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் டைக்குளோஃபெனாக் என்னும் மருந்தே அது. மருந்து கொடுக்கப்பட்ட மாடு விரைவில் இறந்தால், அதன் உடலில் மருந்து எஞ்சியிருக்கும். அவ்வுடலை உண்ணும் பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெண்படிவமாகச் சேர்ந்து, பறவை சில நாள்களில் இறக்கும். பாறுகள் கூட்டமாக உண்பவை என்பதால், ஒரு மாட்டின் உடல் பல பறவைகளைக் கொல்லப் போதுமானது.

இந்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கான டைக்குளோஃபெனாக் உற்பத்தியைத் தடை செய்தது. மனிதர்க்கான மருந்து கால்நடைகளுக்குப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க, 2015இல் பெரிய மருந்துக் குப்பிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் ஆகியனவும் கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று பெரும்பாலும் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில் எஞ்சியுள்ளன.

சொல்லும் பறவையும்

பாறுகள் குறைந்ததன் விளைவை மனிதரும் உணர்கின்றனர். இறந்த கால்நடைகளின் உடலை விரைவாக அகற்றி, நோய்க் கிருமிகளைத் தம் வயிற்றின் கடும் அமிலத்தால் அழிப்பவை இப்பறவைகள். அவை இல்லாத இடங்களில் உடல்கள் அழுகிக் கிடக்கின்றன. அவற்றை உண்டு தெருநாய்கள் பெருகுகின்றன.

பிறர் துன்பத்தால் ஆதாயம் அடைபவரைக் குறிக்கும் பிணந்தின்னிக் கழுகு என்னும் வசை, பறவையின் உண்மை இயல்புக்குப் பொருந்துவதன்று. பாறு பொதுவாக உயிருள்ளதைக் கொல்வதில்லை. ஊருக்குத் தீங்காகக் கூடியதை உண்டு தீர்க்கிறது. திருக்கழுக்குன்றத்து மக்கள் அப்பறவையை முனிவராகக் கண்டனர். அவ்வூரில் நாள்தோறும் பறவையைக் கண்ணால் காணும் வாய்ப்பு இருந்தது. இன்று தமிழ் மாணவர் பெரும்பாலோர் கழுகை வசைமொழியிலும் தன்னம்பிக்கைக் கதையிலும் மட்டுமே அறிகின்றனர்.

பறவைகள் வராத நாளில் கூட்டத்தில் பாவம் செய்தவர் இருப்பதாக முற்காலத்தில் கூறினர். பாறுகள் அழிந்தது மனிதர் கால்நடைக்குக் கொடுத்த மருந்தால் என்பதை நோக்க, அக்கூற்று முற்றிலும் பொருளற்றது எனத் தள்ளிவிட இயலாது.